செத்த காளான் இருந்த குடுவை

ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவச் சோம்பல்படாத ஒரே ஆள் நான். அதனால் அதை நான் கழுவிக் கவிழ்த்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நீங்கள் அந்தக் குடுவையைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். மூடிக்கிடக்கும் ஆலையின் பூச்சிமருந்துக் கழிவைக் காளான் தின்று செரித்துவிடும் என்பது என் ஆய்வு. மரத்தூள் கட்டியில் காளான் வளர்த்துக் கழிவுநீரில் ஊறப்போடுவேன். பக்கத்திலேயே, வேகவைத்துக் கொன்ற காளானையும் ஒரு குடுவையில் போட வேண்டும். உயிருள்ளது மட்டும் நீரைச் சுத்தமாக்கினால், விஷத்தைத் தின்கிறது என்று நம்பலாம். செத்ததும் அதே அளவு சுத்தமாக்கிவிட்டது. ஆக, எதுவும் தின்னப்படவில்லை. விஷம் அப்படியே கட்டிக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால்வைத்த முதல் ஆள் நான். பேராசிரியருக்கு அது வேடிக்கை. "என்னம்மா, உன் காளான் சாப்பிடுதா, இல்ல உங்க வீடு மாதிரி பட்டினியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

"சாப்பிடுது சார்" என்றேன். பிறகுதான் குடுவையைக் கழுவினேன்.

அண்ணி அதே ஆய்வுக்கூடத்தில்தான் தரை துடைக்கிறாள். குளிருக்கு வீட்டில் அடுப்பு மூட்ட, காய்ந்த கட்டிகளைக் கேட்டாள்.

"எரிக்கலாமா, விஞ்ஞானி? பாப்பா இருக்கா, அதான் கேக்குறேன்."

பேராசிரியர் அருகில் நின்றார். கூடாது என்றால், ஏன் என்பார்.

"தாராளமா எரிங்க அண்ணி. வெறும் மரத்தூள்தான்."

அதன்பின் விடுதியிலிருந்து வீட்டுப்பக்கம் நான் போகவில்லை. வேலை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் கூப்பிட்டு அழுதபோது நேராக மருத்துவமனைக்குப் போனேன். பாப்பாவின் வாயில் நுரை. கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது. புகை என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது.

"வீட்ல பூச்சிமருந்து ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று மருத்துவர் கேட்டார்.

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுடி. நீதான் படிச்சவ." ஆபீசோ ஆஸ்பத்திரியோ, எங்கள் வீட்டுக்கு வாய் நான்தான். அந்த விஷத்துக்கு மாற்றுமருந்து உண்டு. என் ஆய்வேட்டில் நானே அதை எழுதியிருக்கிறேன்.

"அப்படி எதுவும் இல்ல டாக்டர். சளிதான் இருந்துச்சு."

மறுநாள் பாப்பா போய்விட்டாள். அண்ணி என் தோளில் சாய்ந்து, "நீ மட்டும் இல்லேன்னா அவங்ககிட்ட எங்களுக்குப் பேசவே தெரிஞ்சிருக்காது" என்றாள். அந்தத் தோளைத் தொடவே இப்போது கூசுகிறது.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பயத்தால் அல்ல. அவள் தாங்கமாட்டாள், அதற்காகத்தான்.