கழுதை கொண்டுவந்த பதில்

என் எழுத்து மேடும் பள்ளமுமாக இருப்பதை விசாரணை அதிகாரி ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்வதை எழுத ஒரு காவலரை உட்கார வைத்தீர்கள். எழுதக் கற்றுக்கொண்டு இது முதல் குளிர்காலம் என்பதால் நானே எழுதுகிறேன் என்று கேட்டுத் தாளை வாங்கிக்கொண்டேன். நேரம் ஆகும்.

என் பெயர் ஸ்பிரிடோன் மோக்கானு. வயது எழுபத்தொன்று. ப்ரயிலா நகரில் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள கயிற்றுக்காரர் தெருவில் குடியிருக்கிறேன். ஹொராட்சியு விளாஸின் என்பவரின் கணினி நிறுவனத்தில் காப்பி போடுவதும் கூட்டித் துடைப்பதும் என் வேலை.

அந்த நிறுவனம் ஒரு கண் சிகிச்சை அறக்கட்டளைக்கு இணையதளம் செய்து கொடுத்தது. வெளியூர் மருத்துவர்கள் வந்து இலவசமாகக் கண்புரை நீக்குவார்கள், இடம் வேண்டியவர்கள் அந்தத் தளத்தில் பதிய வேண்டும். பதிவு திறக்கும் காலையில் ஊரே வந்து மோதும் என்பதால், தளம் தாங்கும் என்று சோதித்துச் சான்று தருவதும் விளாஸினின் பொறுப்பு. சோதித்தவர் இலிங்கா ப்ரோதன் என்ற பொறியாளர்.

கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை அடித்தால், ஒரு நிரல் அந்தத் தளத்தை ஓயாமல் தட்டிவிட்டு, பதில் வர சராசரியாக எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லும். போன வழியிலேயே திரும்பத் திரும்பப் போய் வருவதால் அதைக் கழுதை என்பார்கள். நேரம் குறைந்தால் சன்னலோரப் பித்தளை மணியை அடித்து, எல்லோரும் பிளம் சாராயம் குடிப்பது அங்கே வழக்கம். அந்த மணிக்காகவே விளாஸின் உயிர் வாழ்ந்தார்.

அறக்கட்டளையார் வர இருந்த நாளில் கழுதையின் நேரம் திடீரென்று சரிந்தது. விளாஸின் ஓடிவந்து மணியை அடித்தார். அதன் பின் மற்றவர்கள் கோப்பை எடுக்கப் போனார்கள். இலிங்கா எழுந்திருக்கவில்லை. நான் விளாஸினின் காப்பியோடு அங்கேயே நின்றிருந்தேன்.

"சார், இது பதிவுப் பக்கமே இல்ல. ஒரே இடத்துலேருந்து இத்தனை தடவை தட்டுறோமா, காவல் நிரல் நம்மள வெளியவே நிறுத்திடுச்சு. 'கூட்டமாக இருக்கிறது, பிறகு வாருங்கள்'னு ஒரு வரிதான் வருது. கழுதை அதைத்தான் சுமந்துகிட்டு வருது" என்றார் இலிங்கா.

"சீக்கிரமா வருதுல்ல?"

"போடான்னு சொல்றது எப்பவுமே சீக்கிரந்தான் சார்."

"ஏம்மா, வேகம் எவ்வளவுன்னு கேட்டாங்க. பதில் என்னன்னு யாராவது கேட்டாங்களா? அப்படியே சான்று போட்டு அனுப்பு."

"நான் அனுப்ப மாட்டேன்."

அதன் பின் விளாஸின் அவரை எழுப்பிவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்து, சோதித்தவர் என்று இலிங்காவின் பெயரையே போட்டு, சான்றைத் தானே அனுப்பினார். அனுப்பிவிட்டு, காப்பியில் சர்க்கரை குறைவு என்றார்.

பதிவு திறந்த காலையில் தளம் படுத்துவிட்டது. ஒருவரும் பதிய முடியவில்லை. மருத்துவர்கள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனார்கள். கண்புரையோடு காத்திருந்த என் பக்கத்து வீட்டு பராஸ்கீவா இன்றைக்கும் ரொட்டியில் பூஞ்சை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் தின்கிறாள்.

இலிங்கா தன்னை ஏமாற்றிவிட்டார், தன்னிடம் எதுவும் சொல்லவில்லை, அந்த நேரத்தில் அறையில் வேறு யாரும் இல்லை என்று விளாஸின் கொடுத்த வாக்குமூலத்தை இன்று எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். அவர் பொய் சொல்கிறார் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். அவர் கண்ணுக்கு அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அந்தக் கண்ணுக்கும் புரை நீக்க ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

ஆனால் இலிங்கா அழுதுகொண்டே வெளியே போனதும், விருந்தாளிகளுக்கு வாங்கி வைத்திருந்த கேக்கைக் காட்டி விளாஸின், "பெரியவரே, வெட்டுங்க. அந்தப் பொண்ணுக்கு எடுத்து வைக்க வேணாம்" என்றார். யாரும் இல்லாத அறையில் அதை யாரிடம் சொன்னார் என்று அவரைக் கேளுங்கள்.

இதில் உள்ளது முழுவதும் நான் கண்டதும் என் காதால் கேட்டதும்தான், கூட்டியதோ குறைத்ததோ இல்லை. அடுத்த வாரம் அவரையும் என்னையும் எதிரெதிரே உட்கார வைப்பதாகச் சொன்னீர்கள். அன்றும் நானே எழுதுவேன். எழுதி முடியும்வரை அவர் காத்திருக்கட்டும்.

(ஒப்பம்)
ஸ்பிரிடோன் மோக்கானு