மீன் அறையில் ஐஸ் ஹொக்கி

ஐசில சறுக்கிற சப்பாத்தை அளவு பாத்து எடுக்கிறதெண்டால் பின்னேரம்தான் எடுக்கவேணும் சேர். காலமையில கால் சின்னனா இருக்கும். நிண்டு நடந்து பின்னேரமானாக் கொஞ்சம் வீங்கும். காலமை போட்டுப் பாத்து எடுத்த ஆக்களின்ர நகமெல்லாம் கறுத்துப்போகும். இதை முதலே தெரிஞ்சிருந்தா எங்கட கூட்டத்தில கனபேருக்கு நகம் மிஞ்சியிருக்கும்.

நஸ்ரியின்ர சாவைப் பற்றித்தான் சொல்ல வந்தனான். ஆனா ஹொக்கியில இருந்து துவங்காட்டி உங்களுக்கு விளங்காது. தேத்தண்ணிக்கு நன்றி. சீனி கூட, பறவாயில்லை.

என்ர பேர் தர்மசீலன். துறைமுகத்துக்குப் பக்கத்தில இருக்கிற மீன் குளிர் அறைக்கு நான்தான் மனேஜர். மீன் ஏத்தின கம்பனி வேற இடத்துக்குப் போனாப்பிறகு அங்க மீன் இல்லை, மனேஜர் மட்டும்தான் மிச்சம். முதலாளி கொழும்பில. கூரை முழுக்கச் சூரியத் தகடு போட்டுக் கிடக்கு, மெஷினைச் சும்மா விட்டாப் பழுதாகிப்போகும், இடைக்கிடை ஓடவிடு எண்டு சொல்லியிருந்தவர். வெறும் அறையைக் குளிராக்கிறதும் பிறகு நிப்பாட்டுறதும்தான் என்ர உத்தியோகம். அதையும் நான் ஒழுங்காத்தான் செய்தனான்.

அப்பதான் ஜதுசா வந்தா. சாம்பல்தீவு ஆள். சின்ன வயசில ரொறொன்ரோவுக்குப் போய், தாயின்ர வீட்டை விக்க எண்டு திரும்பி வந்து, விக்க மனமில்லாமல் நிண்டுபோனவ. அங்க பெரிய ஆக்கள் புதுசாப் பழகிற ஐஸ் ஹொக்கிக் கூட்டம் ஒண்டில விளையாடினவவாம். ஒருநாள் என்ர கந்தோருக்கு வந்து கதிரையில இருந்து, "அண்ணை, உங்கட குளிர் அறை நிலத்தில தண்ணியை ஊத்தினா என்ன நடக்கும்?" எண்டு கேட்டா.

"ஐசாகும்," எண்டன்.

"அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அப்பிடித்தான் திருகோணமலைக்கு ஐஸ் ஹொக்கி வந்தது. பட்மின்ரன் மைதானத்தை விடக் கொஞ்சம் பெரிய இடம். எவ்வளவு கழுவினாலும் சூரை மீன் மணம் போகேல்லை. கனடாவில ஆரோ போட்டுக் கழிச்ச சப்பாத்து, மட்டை, ஹெல்மெட், கவசம் எல்லாத்தையும் ஜதுசா கப்பலில எடுப்பிச்சா. அந்தப் பையளைத் திறந்தபிறகு சூரை மணம் எங்களுக்குப் பெரிசாத் தெரியேல்லை. ஒரு கவசத்தைத் தூக்கிக் காட்டி, இது எங்க போடுறது எண்டு ஆம்பிளையள் எல்லாரும் கேட்டவை. ஜதுசா இடத்தைச் சொன்னா. பிறகு ஒருத்தரும் இரவல் கேக்கேல்லை.

துவக்க நாளில ஐயர் ஒருத்தரைக் கூப்பிட்டனாங்கள். அவர் சிதறுதேங்காய் அடிச்சவர். தேங்காய் உடையேல்லை. ஐசில சறுக்கிக்கொண்டு நேராப் போய் கோல் வலைக்குள்ள விழுந்தது. அது எங்கட முதல் கோல். அதுக்குப் பிறகு கனநாளா வேற ஆரும் கோல் போடேல்லை.

புதுசாப் பழகிற ஆள் முதல் படிக்கவேண்டியது விழுறது சேர். பின்னுக்கு விழக்கூடாது. முழங்காலை மடிச்சு, பக்கவாட்டில, அரிசி மூட்டை சரியிற மாதிரிச் சரியவேணும். பல் டொக்டர் ஷிஃபானா எங்களோட சேந்து விளையாடினவ. எங்களில ஆராவது முகம் குப்புற விழுந்தா முதல் ஆளா ஓடிவந்து வாயைத் திறந்து பாப்பா. விழுறது எனக்கு நல்லா வந்தது. முன்னுக்குப் போறதும் வந்தது. நிக்கிறதுதான் வரேல்லை. ரெண்டு காலையும் ஒரு பக்கம் திருப்பி, சப்பாத்துக்குக் கீழ இருக்கிற கத்தியால ஐசைச் சுரண்டி நிக்கவேணும். நான் திருப்புவன், கால் மட்டும் திரும்பும், நான் நேராப் போவன். கடைசியில சுவர்தான் என்னை நிப்பாட்டும்.

நஸ்ரி பிந்தித்தான் வந்து சேந்தவர். கிண்ணியா பஸ் ஓட்டுறவர். பெரிய உடம்பு, அதுக்கு முன்னால அதைவிடப் பெரிய வயிறு. சீனி வருத்தத்துக்குத் தேகப்பயிற்சி செய் எண்டு டொக்டர் சொன்னாராம், இந்த ஊரில வேர்க்காமல் செய்யிற தேகப்பயிற்சி இது ஒண்டுதான் எண்டு வந்தாராம். அப்பிடியான உடம்பு ஐசில என்ன செய்யும் எண்டு நான் கொஞ்சம் ஆவலாத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். முதல் நாள் விழுந்து விழுந்து எழும்பினார், ஒவ்வொருதரமும் விழுந்த இடத்தில இருந்தபடியே சிரிச்சார். அடுத்த கிழமை நிண்டார். அதுக்கடுத்த கிழமை பின்னுக்குப் போனார். "பஸ்ஸ ரிவேர்ஸ் எடுக்கிற மாதிரித்தான் மனேஜர், கண்ணாடிதான் இல்ல," எண்டார்.

என்னைப் பற்றியும் ஒரு பகிடி விட்டவர். ஹாபருக்க வாற பெரிய கப்பலுக்கெல்லாம் இழுவைப் படகு வந்து பிடிச்சு நிப்பாட்டும், எங்கட மனேஜருக்குச் சுவர் இரிக்கி எண்டார். எல்லாரும் சிரிச்சவை. ஜதுசா சிரிச்சுச் சிரிச்சு மட்டையைக் கீழ போட்டிட்டா. நானும் சிரிச்சனான். பகிடியைப் பகிடியா எடுக்கிற ஆள் நான்.

பொறாமை எண்டு நீங்கள் எழுதக்கூடாது. அது எனக்கு இல்லை. ஒழுங்குதான் எனக்கு முக்கியம். ஐசை ஊத்தினது நான். விளிம்பு உடைஞ்சாத் தண்ணி விட்டுச் சரிக்கட்டினது நான். எல்லாரும் போனபிறகு கூட்டித் துடைச்சது நான்.

கொழும்பில சக்கரச் சப்பாத்துப் போட்டு ஹொக்கி விளையாடுற ஒரு கூட்டம், எங்களோட வந்து விளையாடக் கேட்டது. அப்ப கப்டன் ஒருத்தர் வேணும். ஐஸ் ஹொக்கியில கப்டனின்ர சட்டையில, நெஞ்சுக்கு நேரா 'C' எண்டு ஒரு எழுத்துத் தைக்கிறது வழக்கம். நான் ரெயிலரிட்டக் குடுத்து என்ர சட்டையில அதைத் தைப்பிச்சு அலுமாரிக்க வச்சிருந்தனான். ஆயத்தமா இருக்கிறதில பிழை இல்லை. ஜதுசா எல்லாரையும் கூப்பிட்டு, "நஸ்ரி அண்ணைதான் கப்டன்," எண்டா. நான்தான் முதல் கை தட்டினது. வீட்டை போய், எழுத்தைப் பிளேட்டால மெதுவா வெட்டி எடுத்தனான். துணி ஒரு இடத்திலயும் கிழியேல்லை.

அந்தக் கிழமைதான் குளிர் அறைக் கதவின்ர உள்பக்கக் கைபிடியைக் கழட்டினனான். அது இறுகிக் கிடந்தது, எண்ணெய் போடவேணும். அதுக்கும் கப்டன் விசயத்துக்கும் சம்பந்தம் இருக்கெண்டு அப்ப நான் யோசிக்கேல்லை. யோசிச்சிருந்தா இன்னும் முந்தியே கழட்டியிருப்பன். கைபிடி இல்லாட்டிக் கதவை உள்ளுக்க இருந்து திறக்க ஏலாது. அதால கதவிடுக்கில ஒரு மரக்கட்டையை வச்சு, ஆரும் இதை எடுக்கக்கூடாது எண்டு ஜதுசா சொல்லியிருந்தா. எல்லாரும் அந்தச் சொல்லைக் கேட்டவை. நானும் அதுவரைக்கும் கேட்டனான்.

அடுத்தநாள் நஸ்ரிக்குப் போன் எடுத்து, எனக்கு நிக்கப் பழக்கிவிடுவீங்களோ எண்டு கேட்டன். மற்ற ஆக்களுக்கு முன்னால வெக்கமா இருக்கு, ஞாயிற்றுக்கிழமை காலமை நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் எண்டன். அவர் உடன ஓம் எண்டார். லீவு நாள் அது. அவற்ற மனிசி பஸ்மியா எனக்கெண்டு முட்டையும் சக்கரையும் போட்டு வட்டிலப்பம் அவிச்சுக் குடுத்துவிட்டிருந்தா. அதைக் கந்தோர் மேசையில வச்சு, போனையும் வழமை போல லாச்சிக்குள்ள போட்டிட்டு உள்ள போனார். ஐசில விழுந்து போன் உடைஞ்ச ஆக்கள் கனபேர், அதால நாங்கள் ஒருத்தரும் உள்ளுக்குக் கொண்டுபோறதில்லை.

அவர் நல்லாப் பழக்கினவர் சேர். அதை நான் சொல்லத்தான் வேணும். என்ர ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு தான் பின்னுக்குப் போய், "இடுப்பத் திருப்புங்க, தோளத் திருப்பாதீங்க, பயப்பிடாதீங்க, நான் பிடிக்கன்," எண்டு சொல்லிக்கொண்டே வந்தார். நான் நிண்டன். முதல்தரமா, சுவர் இல்லாமல் நிண்டன். அவர் என்னை விட சந்தோசப்பட்டு முதுகில தட்டினார்.

பிறகு ஒரு கதை சொன்னார்.

"மனேஜர், ஒண்டு சொல்லோணும். நேத்து ஜதுசா தங்கச்சிக்கிட்டக் கதைச்சனான். இந்தக் கப்டன் வேல எனக்கு வேணா. ஐசும் உங்கட, இடமும் உங்கட. நீங்களே இரிங்க. அவ ஓம் எண்டுட்டா."

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" எண்டு கேட்டன்.

"உங்கட முகம் வாடிக் கிடந்திச்சு. எனக்கு மனசு கேக்கல்ல."

அந்த நேரம் வரைக்கும் நான் ஒண்டும் முடிவெடுக்கேல்லை எண்டு சொன்னா நம்புங்கோ. கைபிடியைக் கழட்டினது உண்மை, ஞாயிற்றுக்கிழமை எண்டு சொன்னது உண்மை. ஆனா மனிசன் எதையும் யோசிச்சுப் பாக்கலாம், செய்யவேணும் எண்டில்லை. அவர் அந்தக் கதையைச் சொன்னாப்பிறகுதான் எனக்கு லேசாப்போச்சு. ஒரு பஸ் சாரதி எனக்கு இரக்கப்பட்டுக் கப்டன் பதவி வாங்கித் தாறது முறையில்லை.

கால் கடிக்குது, வேற சப்பாத்து மாத்திக்கொண்டு வாறன் எண்டு சொன்னன். "மெதுவா வாங்க, நான் ரெண்டு சுத்துச் சுத்துறன்," எண்டார். நான் வெளியில வந்து, கட்டையைக் காலால தள்ளி, கதவைச் சாத்தினன். பிறகு குளிரைக் கூட்டுற குமிழைக் கடைசி மட்டும் திருப்பினன். மீன் கிடந்த காலத்தில அந்த அளவிலதான் வைக்கிறது. மாட்ச் வருது, ஐஸ் இறுகினா நல்லது.

கொஞ்ச நேரத்தில தட்டுற சத்தம் கேட்டது. பிறகு நாங்கள் பந்து மாதிரி அடிச்சு விளையாடுற றப்பர் வட்டைக் கதவில அடிக்கிற சத்தம். அவருக்கு அடி நல்ல நேரா வரும். நான் கந்தோரில இருந்து வட்டிலப்பம் சாப்பிட்டன். ஏலக்காய் அளவாப் போட்டிருந்தது. லாச்சிக்குள்ள அவற்ற போன் அடிச்சது. பொம்பிளையளின்ர கோலை எடுக்காமல் விடுறது மரியாதை இல்லை, எடுத்தன். பஸ்மியாதான்.

"அவர் நிக்காரா? பகல் சோத்துக்கு வாற எண்டு சொன்னவர்."

"ஐசில நிக்கிறார் தங்கச்சி. இப்ப கதைக்க ஏலாது," எண்டன். அதில ஒரு சொல்லும் பொய் இல்லை.

பிறகு நிலாவெளியில ஒரு பிள்ளை பெரியபிள்ளையானதுக்கு வச்ச சாமத்திய வீட்டுக்குப் போனனான். போகாட்டிக் குறை நினைப்பினம். பிள்ளைக்கு ஆலாத்தி எடுத்தவை, நான் வீடியோவில நிக்கிறன், நீங்கள் பாக்கலாம். பின்னேரம் திரும்பி வந்து குமிழைப் பழைய அளவுக்குத் திருப்பி வச்சிட்டு இருந்தன். வழமையான பயிற்சிக்கு ஜதுசா முதல் ஆளா வந்தா. கதவை அவதான் திறந்தது.

நஸ்ரி கதவோட சாஞ்சு இருந்தார். கெட்டிக்காரன். உள்ளுக்க பையில கிடந்த எல்லாற்ற சட்டையையும் ஒண்டுக்கு மேல ஒண்டாப் போட்டு, கையுறையைக் காலிலயும் கொழுவியிருந்தார். என்ர சட்டை மட்டும் வீட்டில இருந்தது. அதுவும் கிடைச்சிருந்தா இன்னும் கொஞ்சம் தாங்கியிருப்பாரோ தெரியாது. ஜதுசா போட்ட சத்தத்தில ரோட்டில நிண்ட ஓட்டோக்காரரெல்லாம் ஓடிவந்தவை. ஷிஃபானா வந்து நெஞ்சை அமத்தி அமத்திப் பாத்தா. அவவின்ர கையை நான்தான் பிடிச்சு எடுத்துவிட்டனான்.

மையத்து வீட்டுக்கும் போனனான். பஸ்மியா அறைக் கதவுக்கு அங்கால இருந்து, அவர் கடைசியா என்ன சொன்னவர் எண்டு கேட்டா. நீங்களே கப்டனா இரிங்க எண்டு எனக்குச் சொன்னவர் எண்டன். அவ அழுதா. "அவர் அப்பிடித்தான் மனேஜர், எல்லாருக்கும் குடுத்திருவார்," எண்டா.

ஜதுசா தாயின்ர வீட்டை வந்த விலைக்கு வித்திட்டுத் திரும்பிக் கனடாவுக்குப் போயிட்டா. மட்டையள், சப்பாத்துகள் எல்லாம் அறைக்குள்ளயே கிடக்கு. நான் மட்டும் பின்னேரத்தில போய் விளையாடுறன். இப்ப ரெண்டு பக்கமும் திரும்பி நிப்பன். எழுத்தைத் திரும்பத் தைப்பிச்சுப் போட்டன். கூட்டம் இல்லாட்டியும் கப்டன் கப்டன்தானே. ஜதுசா ஓம் எண்டு சொன்னதுக்குச் சாட்சி இருந்தது, அவர்தான் இப்ப இல்லை.

எனக்குக் குற்ற உணர்ச்சி வந்து இங்க வந்தனான் எண்டு நினைக்காதேங்கோ. நித்திரை நல்லா வருது. மரண விசாரணை அதிகாரி சொன்ன ஒரு சொல்லாலதான் வந்தனான். கதவு தானாச் சாத்துப்பட்டிருக்கு, கைபிடி திருத்தேல்லை, மனேஜரின்ர கவலையீனம்தான் காரணம் எண்டு சொன்னவர். பேப்பரிலயும் அப்பிடித்தான் போட்டவை. முதலாளி போன் எடுத்து, உன்னைப் போல கவலையீனமான ஆளை நான் காணேல்லை எண்டு பேசினவர். இத்தனை வருசத்தில ஒரு பெட்டி மீன் என்ர கையில பழுதானதில்லை சேர். நாலு பேருக்கு முன்னால நான் எப்பிடித் தலை நிமிந்து நடக்கிறது?

அதால வாக்குமூலத்தில இதைத் தெளிவா எழுதுங்கோ. கதவு தானாச் சாத்துப்படேல்லை. நான்தான் சாத்தி, வெளிக் கொக்கியையும் போட்டனான், பின்னேரம் ஜதுசா வரமுந்தித்தான் அதை எடுத்துவிட்டனான். போட்டாப்பிறகு, சரியா விழுந்திருக்கோ எண்டு ஒருக்கா இழுத்தும் பாத்தனான்.