தக்காளிக் கயிறு

— முதல்ல ஓடு ரூபா. ஓடிக்கிட்டே பேசு. காலையில சொன்னியே, மாமா கிணத்துல இறங்கிட்டாரா?

— இப்பதாங்க இறங்குனாரு. மோட்டார் தண்ணி இழுக்கல, அடியில அடைப்பு எடுக்கணும்னாரு. ஓசூர்ல கம்பெனிக்குள்ள இருக்கறவருக்கு, மத்தூர்ல எங்கப்பன் கிணத்துல என்னா அவசரம்?

— பொங்கலுக்கு நான் கொண்டாந்து குடுத்தேனே நீலக் கயிறு, அதப் புடிச்சுதானே இறங்கினாரு?

— எனக்கு எப்படித் தெரியும்? நான் இங்க களத்துல புளி தட்டிக்கிட்டு இருக்கேன்.

— புளியப் போட்டுட்டு ஓடு தாயே! அந்தக் கயிறு அறுந்துடும்.

— ஐயோ! யானையக் கட்டினாலும் தாங்கும்னு எங்கம்மா முன்னாடி அளந்தீங்களே?

— நான் அளந்ததுல எது நின்னிருக்கு? கல்யாணத்தப்ப சூப்பர்வைசர்னு அளந்தேன். இன்னிக்கும் மிக்சிங்குல மூட்டைதான் தூக்கறேன். ஓடறியா?

— ஓடறேங்க. செருப்பு ஒண்ணு பின்னால போயிடுச்சு. நல்ல கயிறு எப்படிங்க அறும்?

— தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக் கட்டறதுக்கு எங்க கம்பெனி மிஷின்ல மெல்லிசா ஒரு கயிறு ஓட்டறோம்ல. காய் பறிச்சு முடிஞ்சா அது தானா பொடியாயிடணும். இல்லைன்னா உழும்போது கலப்பையில சுத்திக்கும். அதுக்குன்னே பிளாஸ்டிக் குருணையோட ஒரு உப்பு கலப்போம்.

— சோத்துக்குப் போடற உப்பா?

— அது இல்ல. இரும்பு, மாங்கனீசு, கோபால்ட்டுன்னு அதுலேருந்து வர்ற உப்பு. மூட்டைக்கு ஒரு பிடி போதும். பார்க்கறதுக்குக் கயிறு கயிறாட்டமே இருக்கும், முறுக்கா, பளபளன்னு. வெயில்ல ரெண்டு மூணு மாசம் கெடந்தா உள்ளுக்குள்ள அப்பளமாயிடும். கைய வெச்சா நொறுங்கும்.

— நீங்க குடுத்தது கட்டைவிரல் தண்டி இருந்துச்சே. அது எப்படித் தக்காளிக் கயிறாகும்?

— அங்கதான் வெனை. அன்னிக்கு தக்காளிக் கயிறு ஓட்டி முடிச்சு, அதே டிரம்முலதான் கிணத்துக் கயித்துக்கும் குருணை கலந்தோம். ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு மாத்தும்போது நடுவுல கொஞ்சம் ரெண்டுங்கெட்டானா வரும். அத விக்கக் கூடாது. அரவைக்குப் போட்டுடணும்.

— போட்டீங்களா?

— எங்க போட்டோம்? ஷிப்டுல மொறை வெச்சு ஆளுக்கொரு தடவை வீட்டுக்கு எடுத்துக்குவோம். பொங்கலப்ப என் மொறை. மாமியார் வீட்டுக்கு வெறுங்கையோட வர வேணாமேன்னு...

— ரெண்டு கரும்பு வாங்கியாந்திருந்தா இந்த வெனை உண்டா?

— கரும்பு எல்லா மாப்பிள்ளையும் கொண்டாருவான்னு நெனைச்சேன். என் புத்தி அவ்ளோதான். கிணறு தெரியுதா?

— வரப்பு மேல ஏறிட்டேன். இத்தனை மாசமா சொல்லாதவரு இன்னிக்கு ஏன் கத்தறீங்க?

— இன்னிக்குதானே எனக்கே தெரியும். காவேரிப்பட்டினத்துலேருந்து தக்காளிக்காரங்க வந்து சண்டை. செடியெல்லாம் காஞ்சு சாஞ்சுடுச்சு, உங்க கயிறு மட்டும் வெறைப்பா நிக்குதுன்னு. மேனேஜர் யோசிச்சுப் பார்த்துச் சொன்னாரு, மார்கழி ஈரத்துல உப்பு டிரம் சுவத்துல ஒட்டிக்கிட்டு நின்னிருக்கும், தக்காளிக் கயிறு முடிஞ்சப்புறம் மொத்தமா உதிர்ந்திருக்கும்னு. ‘நல்ல வேளை, நடுவுல வந்த கழிவுலதான் போயிருக்கும், அதத்தான் அரைச்சுட்டோமே’ன்னு அவரு டீ குடிச்சாரு. எனக்கு டீ எறங்கல.

— அப்பா! அப்பா!

— யாரும்மா மேல? மண்ணத் தள்ளாத, கண்ணுல வுழுவுது!

— இருக்காருங்க! கீழ சேத்துல நிக்கறாரு. அப்பா, இவருதான் போன்ல!

— முனிராஜ் மாப்ளயா? சம்பளம் ஏறுச்சான்னு கேளு!

— நக்கல் பண்றாருன்னா நல்லாத்தான் இருக்காரு. கயித்தப் பாரு ரூபா, கயித்த!

— இதுவும் நீலம்தான். ஆனா உங்களது இல்லீங்க. உங்களது அந்தாண்ட மாட்டுக் கழுத்துல கெடக்குது.

— மாட்டுக் கழுத்துலயா?

— மறந்தே போயிட்டேன். ஓசியில வந்தத நம்பி உசுர வெக்க முடியாதுன்னு மத்தூர் கடையில காசு குடுத்து வாங்கியாந்தாரு. வாசல்ல மாசக்கணக்கா வெயில்ல தொங்கின சுருள்லேருந்து அளந்து குடுத்தானாம். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அம்மா சொல்லிச்சு.

— என் சாமி! மாமா வாயில சக்கரை போடணும். எனக்கு இருக்கற மரியாதை இவ்ளோதானான்னு இன்னொரு நாளைக்குக் கோவிச்சுக்கறேன். முதல்ல அந்த மாட்டக் கொட்டாயில அடை, கயிறு நொறுங்கி ரோட்டுக்கு ஓடிடப் போவுது.

— இது நொறுங்குமா? பொங்கல்லேருந்து வெயில்லயே கெடக்குது. நேத்து மாடு மெரண்டு இழுத்ததுல முளைக்குச்சிதான் புடுங்கிக்கிச்சு.

— நல்லா வளைச்சுப் பாரு.

— வளைச்சுட்டேன். நகத்தால கீறிட்டேன். மிதிச்சு இழுத்துப் பாக்கறேன், கல்லாட்டம் இருக்குது. ஒரு நார் உதிரல. ஏங்க? இப்ப சந்தோஷந்தானே?

— ரூபா. உப்பு தக்காளிக் கயித்துல போகல.

— சரி.

— உன் கையில இருக்கற கழிவுலயும் போகல.

— அப்போ?

— அதுக்கப்புறம் ஓடினதுலதான் உதிர்ந்திருக்கு. நல்ல கயிறுன்னு சுருள் சுருளா கட்டி நானே லாரியில ஏத்தினேன். ஐயோ, எவன் எந்தக் கிணத்துல தொங்கறானோ!

— மேனேஜர்கிட்ட ஓடுங்க.

— என்னான்னு சொல்ல? நீங்க அரைச்சதா நெனைக்கற கயிறு எங்க வீட்டு மாட்டுக் கழுத்துல நல்லா இருக்குது சார், அதனால நீங்க வித்ததுதான் கெட்டதுன்னா? கேட்டுலயே அடையாள அட்டையக் கழட்டிக்குவாரு. கூட எடுத்தவங்களுக்கும் வேலை போயிடும்.

— அதுக்காக வாய மூடிக்குவீங்களா?

— மேனேஜர் ரூம் வாசல்லதான் நிக்கறேன் ரூபா. இவ்ளோ பயம் உன்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பக் கூட இல்ல.

— யோவ், இப்பவும் வெளையாட்டா!

— வெளையாடலைன்னா அழுதுடுவேன். சொல்லிடறேன். வேலை போனா உன் பக்கத்துல உக்காந்து புளி தட்டறேன். வை, உள்ள போறேன்.

— ரூபா! அடைப்பு எடுத்தாச்சு. மேல வர்றேன், உங்கம்மாவ சோறு போடச் சொல்லு!

— வாப்பா! ஏங்க, வைக்காதீங்க. அந்த லாரி எங்கெங்க போச்சு?

— ஊத்தங்கரைக்கு. அப்புறம் உங்க பக்கம்... மத்தூருக்கும்.

— அந்தக் கயித்த எப்படிக் கண்டுபுடிக்கறது?

— விக்கறதுக்குன்னா மட்டும் நீலத்துக்கு ஊடால ஒரு செவப்பு இழை வுடுவோம். முறுக்கப் பிரிச்சாத் தெரியும். ஏன்? ரூபா? ஏய், என்னா பண்றே?

— நுனியப் பிரிச்சுட்டேன். செவப்பு இழை ஓடற கயித்தப் புடிச்சுக்கிட்டு அப்பா பாதி ஏறிட்டாருங்க.