பதினோரு நிமிஷ டிரம்ஸ்

ராத்திரி ஒன்றே முக்கால். சமயபுரத்தைத் தாண்டி, கொள்ளிடம் பாலத்தை நோக்கி ஒரே ஒரு கார்.

நெருங்கி உட்காருங்க. ஓட்டியது என் சிநேகிதன் பாசிலின் தங்கை, அல்ஃபியா. கிடார் வாசிப்பாள். பாலக்கரையில் ஒரு பழைய குடோனுக்குள் ராக் ஆல்பம் பண்ணினாள். சைக்கடெலிக் சமாச்சாரம். கூட்ஸ் வண்டிச் சத்தத்தை ஜவ்வாக இழுத்து, மாதா கோவில் மணியைத் தலைகீழாக ஓட்டி... மொத்தம் மூன்றே பாட்டு. ஒவ்வொன்றும் இருபது நிமிஷத்துக்கு மேல். சிரிக்காதீங்க.

கடைசிப் பாட்டில் பதினோரு நிமிஷம் வெறும் டிரம்ஸ். வாசித்தவன் பொன்மலை இன்னாசிராஜ். அவன் வாசிக்க வாசிக்க, அல்ஃபியா சத்தமில்லாமல் விரல்விட்டு எண்ணுவாள். சரியான இடத்தில் தலையாட்டினால் அவன் திரும்பப் பாட்டுக்குள் வருவான். ஒரே டேக்கில் பதிவாச்சு. மறுவாரம் அவன் பைக், இதே பாலத்தில்... அவன் போய் எட்டு மாசமாச்சு.

வெளியிடுகிற கம்பெனிக்காரர் விடவில்லை. டிரம்ஸை மொத்தமாக எடுத்துவிட்டு, பாட்டை நாலு நிமிஷமாக்கிக் காலையில் அனுப்பணும், இல்லையென்றால் ஆல்பமே வேண்டாம் என்றுவிட்டார். அழுதுகொண்டேதான் வெட்டினாள். எந்த மிக்ஸையும் காரில் போட்டுக் கேட்டால்தான் அவளுக்கு நம்பிக்கை. அதற்குத்தான் இந்த ஓட்டம்.

பாலத்தின் நடுவில், பாட்டு வெட்டின இடத்துக்கு வந்தது.

எஞ்ஜின் நின்றது. ஸ்பீக்கரும் செத்தது. கீழே மணல்... காற்றுகூட இல்லை.

டிக். டிக். டிக். டிக்.

கார் கூரைமேல். டிரம்ஸ் ஆரம்பிக்குமுன் குச்சியோடு குச்சி தட்டுகிற சத்தம்.

கண்ணாடி ஏற்றிய காருக்குள் கோடாலித் தைல வாசனை. இன்னாசி அதை மணிக்கட்டில் தேய்க்காமல் வாசிக்க உட்கார மாட்டான்.

அப்புறம் கூரை அதிர ஆரம்பித்தது. அவள் வெட்டியெறிந்த அதே வாசிப்பு. முதல் அடியிலிருந்து.

ஓடியிருக்கலாம். கை கதவுப் பிடியில்தான் இருந்தது. எடுத்தாள். ஸ்டீயரிங்கில் வைத்தாள்.

"அடிடா," என்றாள். "நான் எண்ணுறேன்."

வாய்விட்டு எண்ணினாள். நடுவில் ஒரு லாரி, ஹார்னை அழுத்திக்கொண்டே தாண்டிப் போனது. வியர்வை கண்ணில் இறங்கியது. எண்ணிக்கை தப்பவில்லை. பதினோராவது நிமிஷம், சரியான இடத்தில், தலையாட்டினாள்.

கூரை அடங்கியது. எஞ்ஜின் தானாக உறுமியது.

விடிந்ததும் கம்பெனிக்காரருக்குப் போன். "முழுசாப் போட்டா போடுங்க சார். இல்லன்னா நாங்களே போட்டுக்கிறோம்." அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் கட் செய்தாள். எட்டு மாசமாகப் பீரோவில் பூட்டியிருந்த குடோன் ரெக்கார்டிங்கை, பாசில் பார்க்க எடுத்து, ஒரு நொடி வெட்டாமல் இணையத்தில் ஏற்றினாள்.

நான் ஹெட்போன் போட்டுக் கேட்டேன். டிரம்ஸ் நடுவில்... ஒரு லாரி ஹார்ன். அதற்குக் கொஞ்சம் முன்னால், அவள் குரல். 'அடிடா, நான் எண்ணுறேன்.'

பதிலும் இருக்கு. அன்றைக்குக் காரில் அவளுக்குக் கேட்காத பதில்.

"எண்ணு அல்ஃபி. அடுத்த பாட்டு எப்போ?"