ஆடு ஒதுங்கவும் நிழல் இல்லை

— பேனாவைக் கீழ வைங்க மாப்ளே! அந்த லாரில இருக்கறது எண்ணெய்ப்பனைக் குலையா? என் காட்டோட பொணம்!

— மாமா, மில்லுக்குள்ள வந்து கத்தாதீங்க. கொள்முதல் ஆபீசரோட மாமனாரே மறியல் பண்றார்னு கேட்ல சிரிக்கிறாங்க.

— சிரிக்கட்டும். முப்பத்தாறு வருஷம் ரேஞ்சரா அந்த மலையைக் காத்தவன் நான். ஒரு மரத்துக்குப் பின்னால ஏழு யானை ஒளிஞ்சு விளையாடும்!

— போன வாரம் நாலுன்னீங்க.

— அதுக்குள்ள மூணு குட்டி போட்டுருச்சு. பேச்சை மாத்தாதீங்க. காட்டை அழிச்ச நிலத்துல வெளைஞ்சதை எந்த மில்லும் வாங்கக்கூடாதுன்னு புதுச் சட்டம் வந்துச்சா, இல்லையா?

— வந்துச்சு.

— அப்ப லாரியைத் திருப்பி அனுப்புங்க! இன்னிக்கு இது உள்ள போச்சுன்னா, நாளைக்கு மிச்சமிருக்கற பாதி மலையிலயும் புல்டோசர் ஏறும். சட்டத்தை என்ன, ஃப்ரேம் போட்டு மாட்டவா வச்சிருக்கீங்க?

— எனக்கு மட்டும் ஆசையா மாமா? ரெக்கார்டுல காடுன்னு இருந்தாத்தான் சட்டம் பாயும். இதுல தரிசுன்னு இருக்கு.

— தரிசா! எந்த மடையன் எழுதினான்? கூப்பிடுங்க அவனை. நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!

— வேணாம் மாமா, வீட்டுக்குப் போங்க.

— அதுல என்ன எழுதியிருக்கு, படிங்கறேன்!

— "மலை முழுதும் நேரில் ஆய்வு செய்யப்பட்டது. ஆடு ஒதுங்கவும் நிழல் இல்லை." கீழ உங்க கையெழுத்து.

— ...எந்த மாசம்?

— பதினோரு வருஷத்துக்கு முன்ன, நல்ல கோடை.

— கோடையில அந்த மரமெல்லாம் இலையை உதிர்த்துட்டு மொட்டையா நிக்கும் மாப்ளே. ஜீப்புலேருந்து பார்த்தா வெறும் குச்சியாத்தான் தெரியும்.

— எறங்கவே இல்லையா?

— முட்டி வலி. அடிவாரத்துலயே எழுதிட்டேன். அந்த ஆடு... எழுத எழுத நல்லா வந்துச்சு, விட்டுட்டேன்.

— எழுதினவரே பொய்னு ஒத்துக்கிட்டாத்தான் இனி லாரியை நிறுத்த முடியும். ஒத்துக்கிட்டா முதல் கேஸ் அவர் மேலதான். பென்ஷனும் போயிடும், உள்ளயும் போகணும். அதான், நீங்க வர்றதுக்குள்ள கையெழுத்தைப் போட்டு லாரியை உள்ள விட்டுடலாம்னு பார்த்தேன்.

— கேட்டைச் சாத்தச் சொல்லுங்க. புகார் ஃபாரத்தை எடுங்க. குற்றவாளிங்கற எடத்துல என் பேரைப் பெருசா எழுதுங்க. அந்த ரேஞ்சரைச் சும்மா விடக்கூடாது மாப்ளே!