கோல்கீப்பர் கோச்சின் அம்மா

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை ரிங்லெட்டில் பஸ் ஏறினேன். முந்தின நாள்தான் எங்கள் கால்பந்துக் குழு ஐந்து கோல் வாங்கித் தோற்றிருந்தது. குழுவின் ஜெர்சி போட்டிருந்த இளைஞர் ஒருவர், பக்கத்து சீட்டில் இருந்த தேயிலைத் தோட்டத்து அம்மாவிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

“அஞ்சு கோல் லா ஆன்ட்டி! அந்தக் கோல்கீப்பர் கோச்ச மொதல்ல தூக்கணும்.”

“தூக்கட்டும் தம்பி. அவன் என் மகன்தான்.”

“ஐயோ, தெரியாம சொல்லிட்டேன் ஆன்ட்டி.”

“சரியாத்தானே சொன்ன? நான் தோட்டத்துல கங்காணி, கொழுந்து எடுக்குறவங்கள மேய்க்கிறவ. கூடையில முத்தின எல வந்தா தோட்டத்துத் தொர கொழுந்து எடுத்தவளயா கேக்குறாரு? என்னத்தான் நிக்க வச்சுக் கேப்பாரு. அதே மாதிரி நானும் அவன போன்ல கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“‘கீப்பர் புதுசும்மா, கார்னர் பந்து புடிக்க நாந்தான் சரியா பழக்கல’ன்னான். மானேஜர்கிட்டயும் அப்படியே சொல்லிட்டானாம். வேல இருக்கா இல்லையான்னு நாளைக்குத்தான் தெரியும்.”

இளைஞர் பிரிஞ்சாங்கில் இறங்க எழுந்தபோது சொன்னார்:

“அவரு இருக்கணும் ஆன்ட்டி. அடுத்த மேட்ச்சுக்குப் போய் அவரு பேரச் சொல்லிக் கத்துவேன்.”

“மறுபடியும் அஞ்சு வாங்கினா?”

“அப்பவும் அவரு பேரச் சொல்லித்தான் கத்துவேன் லா!”

அந்த அம்மா சிரித்துக்கொண்டே அவருக்கு வழிவிட்டார்.