ஜீப் டிரைவரின் நம்பர்

உங்கள் ஸ்டேஷன் டீயில் ஏலக்காய் கொஞ்சம் தூக்கல், சார். குறை சொல்லவில்லை. என் அம்மா கம்பத்திலிருந்து ஜீப்பில் மலையேறிப் போய், கேரளத் தோட்டங்களில் ஏலக்காய் பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். வாசனை பழகியதுதான்.

தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் சாஃப்ட்வேர் எழுதினோம். நோயாளியைப் பற்றி என்னென்ன விவரம் வேண்டும் என்று புரோகிராமில் எழுதிவிட்டால், அவற்றைச் சேமிக்கும் டேபிள் தானாகவே உருவாகிவிடும். ஓர் ஆளை இன்னோர் ஆளிடமிருந்து பிரித்துக் காட்டும் பிரைமரி கீ எது, அது எண்ணா எழுத்தா என்பதை மட்டும் நாம் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு தனி எண், தானாக ஏறிக்கொண்டே போகிற எண் வைப்போம் என்றேன். போன் நம்பரே போதும் என்றார் என் மேலாளர் பாண்டியராஜன்.

ஜீப்பில் போகும் பெண்கள் பலரிடம் போன் கிடையாது, கேட்டால் டிரைவர் சுருளிவேலின் நம்பரைத்தான் கொடுப்பார்கள் என்று விளக்கினேன். அவர் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"ஏலே, ஜீப்புல தொங்கிட்டுப் போறவளுகளுக்கெல்லாம் ஆளுக்கொரு நம்பர் வேணுமாக்கும்? உங்க ஆத்தா புத்தி அப்படியே வந்திருக்குடா."

எனக்குக் கோபம் வந்தது. இன்னும் ஆறவில்லை. சொன்னபடியே போன் நம்பரை எழுத்து வகையில் கீயாக வைத்தேன். அதே நம்பரில் இரண்டாவது ஆளைப் பதிந்தால், முதல் ஆளின் விவரம் அழிந்துவிடும். திருத்திய புரோகிராமும் என்னிடம் தயாராக இருந்தது. அவர் முகத்தில் கரி பூசும் நாளுக்காகக் காத்திருந்தேன்.

ஒருநாள் ஆஸ்பத்திரி வரவேற்பிலிருந்து யுவராணி போன் செய்தாள். "விஜயபாண்டி அண்ணே, பஞ்சம்மாள் அக்காவை ஜீப் டிரைவரு தூக்கிட்டு வந்திருக்காக. காய்ச்சல்ல பேச்சு மூச்சே இல்ல. அவுக நம்பரைப் போட்டா மலையம்மாள்னு வருதுண்ணே."

மலையம்மாளும் சுருளிவேலின் நம்பரையே பின்னால் கொடுத்தவள். அவள் பதிவதற்கு முந்தைய நகலை எடுத்துப் பார்த்தேன். பஞ்சம்மாளுக்குப் பென்சிலின் ஒவ்வாது என்று சிவப்பில் இருந்தது.

"பேரை மட்டும் மாத்திப் போட்டுக்கம்மா" என்றேன்.

டாக்டர் திரையைப் பார்த்தார். எச்சரிக்கை எதுவும் இல்லை. பென்சிலின் ஊசி போட்டார். பஞ்சம்மாள் எங்கள் தெருக்காரி, அம்மாவோடு ஒரே ஜீப்பில் போனவள். சாகும்போது மூச்சுக்குத் தவித்தாள் என்று யுவராணி அழுதாள். மறுநாள் பாண்டியராஜன் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள், போன் நம்பர்தான் கீ என்பதும் அப்படியே இருந்திருக்கும். இப்போது எல்லாருக்கும் தனி எண் வந்துவிட்டது. யுவராணி மேல் கேஸ் போடாதீர்கள், பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தே பஞ்சம்மாளைச் சாகவிட்டது நான்தான்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். அந்த ஜீப்பில் போகும் பெண்களுக்காக வாய் திறந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.